ஸ்ட்ரீட் ஃபைட்டர் அனிமேஷன் படங்கள்

ஜப்பானின் ஒசாகா நகரைச் சேர்ந்த கேப்காம் நிறுவனத்தின் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்' சண்டை விளையாட்டு வரிசையைத் தழுவி 1994 முதல் வெளிவந்த அனிமேஷன் திரைப்படங்களும் தொடர்களும் இத்தலைப்பில் அடங்கும். காசு போட்டு ஆடும் எந்திரங்களுக்காக மூல விளையாட்டு 1987இல் வந்தது. அதற்கு உலகப் புகழ் தேடித் தந்தது 1991இல் வந்த இரண்டாம் பாகம். அதில் ஆடுபவர் தேர்ந்தெடுக்கக்கூடிய 8 வீரர்களில் ஒருவர் தால்சிம் என்னும் இந்திய யோகி. இத்தழுவல்களில் இந்தியா தலைகாட்டும் இடங்களெல்லாம் பெரும்பாலும் அவரைச் சுற்றியே அமைந்தவை.

தோற்றம்

விளையாட்டில் தால்சிம் எலும்பும் தோலுமான உடலும் மொட்டைத் தலையும் கொண்டவர். கையையும் காலையும் பல அடி தூரத்துக்கு நீட்டி அடிப்பார், வாயால் நெருப்பைக் கக்குவார். கழுத்தில் கிடக்கும் சிறு மண்டையோடுகள், கொள்ளைநோயில் இறந்த தம் ஊர்க் குழந்தைகளுடையவை என்பது விளையாட்டின் கதைக்குறிப்பு. சண்டையை வெறுப்பவர், ஏழை ஊருக்குப் பணம் திரட்டவே களமிறங்குகிறார். அவர் மோதும் மண்டபத்தின் பின்னணியில் யானைகள் வரிசையாக நிற்கும்.

இந்த உருவத்துக்கு 1976இல் வந்த 'மாஸ்டர் ஆஃப் த ஃப்ளையிங் கில்லட்டின்' என்ற குங்ஃபூ படத்தில் கைகளை நீட்டிச் சண்டையிடும் இந்திய யோகியே முன்மாதிரி என்று பலர் கருதுகின்றனர். அப்படியானால் தால்சிம், சீன மொழிப் படமொன்று கற்பனை செய்த இந்தியரிடமிருந்து ஜப்பானியர் கற்பனை செய்துகொண்ட இந்தியர். எந்த யோக மரபிலும் இப்படி ஓர் ஆசனம் இல்லை. நம் பக்கத்தில் ஒப்பு தேடினால், உடலை வேண்டியபடி பெருக்கலாம் என்னும் சித்தர் கதைகளின் மகிமா சித்திதான் சற்றே அருகில் வரும்.

தால்சிம்மை விட்டுத் தழுவல்களுக்கு வந்தால், சண்டை விளையாட்டிலிருந்து பிறந்த முதல் அனிமேஷன் படைப்பு எது என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஒசாகாவின் மற்றொரு நிறுவனமான எஸ்.என்.கே.யின் 'ஃபேட்டல் ஃப்யூரி'யைத் தழுவி 1992இல் வந்த தொலைக்காட்சிப் படத்தையே பொதுவாக முதலில் வைப்பர்.

1994 திரைப்படம்

'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' அனிமேஷன் திரைப்படம் 1994 ஆகஸ்ட் 6 அன்று ஜப்பானில் வெளியானது. தயாரித்தது குரூப் டி.ஏ.சி. நிறுவனம், இயக்கியவர் கிசாபுரோ சுகீ. 'நைட் ஆன் த கேலக்டிக் ரயில்ரோட்' (1985), 'த டேல் ஆஃப் கெஞ்சி' (1987) போன்ற மெதுவான, இலக்கியம் சார்ந்த படங்களை எடுத்தவரிடம் ஒரு சண்டை விளையாட்டை ஒப்படைத்தது அன்று எதிர்பாராத தேர்வாகத் தோன்றியிருக்கக்கூடும். அவருடைய பொறுமையே படத்தின் பலமாயிற்று. சண்டைகளுக்கு நடுவே காற்றும் மழையும் வெறும் சாலையும் வருவதற்கு இப்படத்தில் நேரம் இருக்கிறது.

படம் இடிமின்னலுக்கு நடுவே, காற்றில் அலையும் புல்வெளியில் தொடங்குகிறது. விளையாட்டின் நாயகன் ரியூவும் தாய்லாந்து வீரன் சகாட்டும் மோதுகிறார்கள். சகாட்டின் மார்பில் நீண்ட வெட்டுக்காயம் விழுகிறது. விளையாட்டில் அந்த வடு பெரும்பாலும் உடலோடு வரைந்த ஓர் அடையாளமே. அது எப்படி வந்தது என்பதைப் படம் கண்முன் காட்டியது. பின்னாளில் வந்த 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஆல்ஃபா' விளையாட்டுகளில் இக்காட்சியின் சாயல் இருப்பதாகப் பலர் சொல்வர். அந்த அளவில் மூலமே தழுவலிடம் கடன் வாங்கியிருக்கிறது.

கதை எளியது. பைசன் என்பவனின் குற்றக் கும்பல், கண்களில் கேமரா பொருத்திய எந்திர மனிதர்களை உலகெங்கும் அனுப்பிச் சிறந்த வீரர்களை அளந்து தேடுகிறது. இன்டர்போலின் சுன்-லீயும் அமெரிக்க ராணுவத்தின் கைலும் அதைத் துரத்துகிறார்கள். (ஜப்பானியப் பதிப்பில் வில்லன்கள் மூவரின் பெயர்கள் இடம் மாறியிருக்கும். இங்கே தருவது வெளிநாட்டுப் பதிப்பின் பெயர்கள்.) சுன்-லீயின் அறைக்குள் பைசனின் ஆளான, நகம் பூட்டிய வேகா புகும் சண்டையே விமர்சகர்கள் அதிகம் குறிப்பிடுவது. கே-1 கிக்பாக்சிங் போட்டிகளின் நிறுவனர் கசுயோஷி இஷியும் வீரர் ஆண்டி ஹக்கும் சண்டைகளுக்கு ஆலோசனை தந்தனர். அதனால் அடிகளுக்கு எடை இருக்கிறது: ஒருவர் விழுந்தால் எழுந்திருக்கச் சிரமப்படுகிறார்.

இந்தியக் காட்சி சிறியது. கல்கத்தாவில் நடக்கும் பந்தயச் சண்டையில் தால்சிம் சுமோ வீரர் ஹோண்டாவுடன் மோதுகிறார். கூட்டத்தில் ரியூ இருப்பதை உணர்ந்ததும் சண்டையை அப்படியே விட்டுவிடுகிறார். வென்றால் வரும் பணத்தைவிட எதிரே தெரியும் ஆற்றலுக்கு மதிப்பளிக்கும் அந்த ஒரு செய்கையில்தான் தால்சிம் முதல்முறையாக ஒரு மனிதராகத் தெரிகிறார். ஆனால் கல்கத்தா அவருக்குச் சொந்த ஊரா என்பது வேறு விஷயம்: விளையாட்டு சார்ந்த சில குறிப்புகள் அவரைக் கேரளத்தவர் என்கின்றன.

படத்துக்காக ரியோகோ ஷினோஹாரா பாடி, டெட்சுயா கொமுரோ இசையமைத்த பாடல் ஜப்பானில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்றது. ஆங்கிலப் பதிப்பில் அந்த இசையை நீக்கி, கார்ன், ஆலிஸ் இன் செயின்ஸ் முதலிய ராக் குழுக்களின் பாடல்களைச் சேர்த்தனர். சில காட்சிகளையும் வெட்டினர். எது 'முழுமையான' பதிப்பு என்ற விவாதம் ரசிகர்களிடையே இன்றும் உண்டு.

1995இல் இப்படமே மீண்டும் ஒரு விளையாட்டாயிற்று. அதில் ஆடுபவர் வீரர் அல்லர், அந்தக் கண்காணிப்பு எந்திர மனிதன். படக்காட்சிகளைப் பார்த்தபடி வீரர்களின் அடிகளைக் குறித்துக்கொண்டு, கற்றதையெல்லாம் வைத்துக் கடைசியில் ரியூவுடன் மோத வேண்டும். விளையாட்டைப் படமாக்கி, அப்படத்தைப் பார்ப்பதையே விளையாட்டாக்கிய இந்த யோசனை தனிக் கட்டுரைக்கு உரியது.

தொலைக்காட்சித் தொடர்

'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 வி' 1995 ஏப்ரல் முதல் நவம்பர் வரை 29 பகுதிகளாக ஒளிபரப்பானது. இயக்குநரும் தயாரிப்பு நிறுவனமும் 1994 படத்துக்கு இருந்தவர்களே. ரியூவும் அவன் நண்பன் கென்னும் இதில் 17 வயது இளைஞர்கள். தங்களைவிட வலியவர்களைத் தேடி ஹாங்காங், தாய்லாந்து, இந்தியா, ஸ்பெயின் என்று பயணம் போகிறார்கள்.

இந்தியப் பகுதிகளே இத்தொடரின் உயிர்நாடி. இளைஞர்கள் இருவரும் தால்சிம்மைத் தேடி வருகிறார்கள். 'ஹதோ' என்னும் உள்ளாற்றலை அவரிடம் கற்கிறார்கள். விளையாட்டில் கட்டுப்பாட்டுக் குச்சியைக் கீழே, குறுக்கே, முன்னே தள்ளிக் குத்தினால் நொடியில் கிடைக்கும் 'ஹதோகென்' ஒளிப்பந்துக்கு இங்கே பல வாரங்கள் காத்திருக்க வேண்டும். மூச்சை அடக்கவும் மனத்தை ஒருமுகப்படுத்தவும் பழகிய பிறகுதான் அது கைகூடுகிறது. தமிழ்நாட்டில் 1990களில் மணிக்கணக்குக்கு வாடகை வாங்கிய வீடியோ கேம் கடைகளில் அந்த விரலசைவைப் பழகிய பிள்ளைகளுக்கு, அந்த வித்தையைக் கற்பிக்கும் குரு ஓர் இந்தியர் என்ற கதை எட்டியிருக்க வாய்ப்பு குறைவு.

விளையாட்டின் கதைப்படி ரியூவுக்கு ஹதோகென் கற்பித்தவர் ஜப்பானிய ஆசான் கோக்கென். ஆகவே தொடரின் இப்பகுதியை வரிசையின் வரலாற்றில் சேர்க்கக்கூடாது என்பவர்கள் உண்டு. தால்சிம்மைக் குருவாக்கிய ஒரே பெரிய முயற்சி என்ற அளவில் அதற்குள்ள மதிப்பை இந்த வாதம் குறைக்காது.

அமெரிக்கத் தொடர்

'ஸ்ட்ரீட் ஃபைட்டர்' விளையாட்டைத் தழுவிய அமெரிக்க அனிமேஷன் தொடர் 1995–97இல் 26 பகுதிகளாக வந்தது. நடிகர்கள் நடித்து 1994 டிசம்பரில் வெளியான ஹாலிவுட் படத்தை அது ஓரளவு பின்பற்றியது. அந்தப் படத்தில் தால்சிம் யோகியல்ல, விஞ்ஞானி. நடித்தவர் 'காந்தி' (1982) படத்திலும் ஷ்யாம் பெனகலின் 'பாரத் ஏக் கோஜ்' தொடரிலும் நேருவாக வந்த ரோஷன் சேத்.

பிற்கால ஆக்கங்கள்

'ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஆல்ஃபா' (1999), 'ஆல்ஃபா ஜெனரேஷன்ஸ்' (2005) ஆகியவை ரியூவின் உள்ளே இருக்கும் இருண்ட ஆற்றலையும் அவனுடைய குருமரபையும் பேசுகின்றன. நான்காம் பாக விளையாட்டையொட்டி 2009இல் 'த டைஸ் தட் பைண்ட்' வந்தது. குரூப் டி.ஏ.சி. 2010இல் நொடித்துப்போனது.

அதன்பின் சண்டை விளையாட்டுகளின் அனிமேஷன் தழுவல்களில் முன்னே வந்தவை பிற வரிசைகள்: 'டெக்கென்: ப்ளட் வெஞ்சன்ஸ்' (2011), 2020இல் தொடங்கிய 'மார்ட்டல் காம்பாட் லெஜண்ட்ஸ்' படங்கள், நெட்ஃபிளிக்ஸின் 'டெக்கென்: ப்ளட்லைன்' (2022). 2023இல் வந்த 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6' விளையாட்டில் தால்சிம் இடம்பெற்றுள்ளார்.

நடிகர்கள் நடிக்கும் புதிய 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்' படத்தை 2026 அக்டோபரில் வெளியிடத் திட்டமிட்டிருப்பதாக அறிவிப்பு வந்தது. அது அனிமேஷன் அல்ல. தால்சிம் வேடத்துக்காக இங்கே குறிப்பிடப்படுகிறது. அவ்வேடத்துக்குத் தேர்வானவர் 'துப்பாக்கி' (2012) படத்தின் வில்லனாகத் தமிழ்ப் பார்வையாளர்கள் அறிந்த வித்யுத் ஜாம்வால். இவர் சிறுவயதிலிருந்தே களரிப்பயட்டு பயின்றது பாலக்காட்டில்.