பூசணி, பாகலில் பிஞ்சு உதிர்கிறதா? தேனீக்களைக் காப்பாற்றுங்கள்

பூசணி, பாகலில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியாகப் பூக்கும். மகரந்தத்தைக் கொண்டு சேர்ப்பவை பெரும்பாலும் தேனீக்களே. அவை வராவிட்டால் பிஞ்சு மஞ்சளாகி உதிரும். உரம் போட்டும் பயனிருக்காது. பூச்சிக்கொல்லியாலும், களைக்கொல்லியால் வரப்புப் பூக்கள் அழிவதாலும் தேனீக்கள் குறைகின்றன.

செய்ய வேண்டியவை:

• காலையில் பூ விரிந்திருக்கும்போது மருந்து தெளிக்காதீர்கள். அவசியமானால், தேனீக்கள் கூடு திரும்பிய பின் மாலையில் தெளியுங்கள்.

• பூக்கும் பருவத்தில் இமிடாகுளோபிரிட், தயாமீத்தாக்சம் மருந்துகளைத் தவிருங்கள்.

• வரப்பில் துளசி, சூரியகாந்தி, கொத்தமல்லியைப் பூக்க விடுங்கள்.

• அகலமான தட்டில் கூழாங்கற்களைப் போட்டுத் தண்ணீர் வையுங்கள்.

• தேன்கூட்டைத் தீ வைத்துக் கலைக்காதீர்கள்.

இந்தியத் தேனீ சுமார் ஒரு கிலோமீட்டர் வரை பறந்து இரை தேடும். அதனால் பக்கத்து வயல்காரரிடமும் பேசி, மாலையில் தெளிக்கச் சொல்லுங்கள்.