தானே புயலும் விருத்தாசலத்து முந்திரியும்

விருத்தாசலம்னு சொன்னதும் பல பேருக்கு பீங்கான் பொம்மைதான் ஞாபகம் வரும். செராமிக் தொழிற்பேட்டை இருக்கிற ஊர் அது. ஆனா இன்னைக்கு நாம பேசப்போறது களிமண்ணைப் பத்தி இல்ல. அந்த ஊரைச் சுத்தி இருக்கிற செம்மண்ணையும், அதுல நிக்கிற முந்திரியையும் பத்தி.

முந்திரி நம்ம ஊர் மரம் கிடையாது. 16-ஆம் நூற்றாண்டுல போர்த்துகீசியர்கள் பிரேசில்ல இருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. மண் அரிப்பைத் தடுக்கவும் இதை நட்டிருக்காங்க. தண்ணி அதிகம் கேட்காது. அதனால விருத்தாசலம், பண்ருட்டி பக்கத்து மேட்டு நிலங்கள்ல மானாவாரியாவே நல்லா பிடிச்சுக்கிச்சு. வறட்சியைச் சமாளிக்க அந்த விவசாயிகளுக்குக் கிடைச்ச நல்ல வழி இது. ஆனா காத்தை?

2011 டிசம்பர் 30 காலையில, தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல கரையைக் கடந்தது. காத்தோட வேகம் மணிக்கு சுமார் 140 கிலோமீட்டர். முந்திரித் தோப்புகள் வேரோட சாஞ்சது. நெல் போனா அடுத்த போகம் போடலாம். முந்திரி போனா? தாத்தா வச்ச மரம் ஒரே நாள்ல விறகாயிடும். அதுவும் பூக்கிற சீசனுக்குக் கொஞ்சம் முன்னாடி.

திரும்ப எதை நடுறது? பதில் விருத்தாசலத்துலயே இருந்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தோட மண்டல ஆராய்ச்சி நிலையம் அங்கதான் இருக்கு. வி.ஆர்.ஐ. 3 முந்திரி ரகம் அங்க உருவானது. அதோட ஒட்டுக்கன்று வச்சா மூணாவது வருஷத்துல இருந்தே காய்க்க ஆரம்பிக்கும். நெருக்கி நட்டு, வருஷா வருஷம் கவாத்து பண்ற முறையும் பரவிச்சு. எல்லாம் போய் நின்ன குடும்பத்துக்கு அந்த வேகம் ரொம்ப முக்கியம்.

ஆனா ஒரு இன்ஜினியரா எனக்கு ஒரு விஷயம் உறுத்துது. கொட்டை போட்டு முளைச்ச பழைய மரங்கள் ஒவ்வொண்ணும் ஒரு விதம். ஒட்டுக்கன்றுகள் தாய்மரத்தோட அச்சு அசல் நகல். எல்லா சர்வர்லயும் ஒரே கோட் ஓடினா, ஒரே ஒரு பக் எல்லாத்தையும் படுக்க வச்சிடும். ஒரு பூச்சியோ, பூக்கிற நேரத்துல தப்பி வர்ற மழையோ இங்க அதைச் செய்யலாம். அதுக்காக புதுக் கன்று வேண்டாம்னு நான் சொல்லல. சாப்பாட்டுக்கு அது வேணும். புயல்ல தப்பிச்ச பழைய மரங்களை வெட்டாம, பக்கத்துலயே விட்டு வைக்கலாம்னுதான் சொல்றேன்.

உங்க வீட்ல யாராவது கடலூர் பக்கம்னா, தானே வந்த அன்னைக்கு என்ன ஆச்சுன்னு கேளுங்க. எந்த மரம் விழாம நின்னுச்சுன்னும் கேளுங்க.