லிண்டன் சாலையின் மறுமுனை

ஹங்கேரியின் மேற்கோரத்தில், ஷோப்ரோன் நகருக்குப் பக்கத்தில், நாஜ்செங்க் என்றொரு கிராமம். அங்கே சேச்செனி என்ற பிரபுக் குடும்பத்தின் மாளிகை இருக்கிறது. பிரபுக்களின் மாளிகை என்றாலே எனக்குச் சலிப்பு. சரவிளக்கு, குதிரை லாயம், சுவரிலிருந்து முறைக்கும் தாத்தாக்கள். இந்த வீட்டை மட்டும் விட முடியவில்லை. காரணம் தமிழ்.

அப்பா ஃபெரென்ட்ஸ் 1802இல் தன் புத்தகச் சேகரிப்பை நாட்டுக்கே கொடுத்தார். ஹங்கேரியின் தேசிய நூலகம் அதிலிருந்து பிறந்தது. மகன் இஷ்த்வான் வியன்னாவில் பிறந்தவர், குதிரைப்படை அதிகாரி. ஹங்கேரிய மொழி அவருக்குத் தடுமாறித்தான் வரும்; டைரியைக்கூட ஜெர்மனில்தான் எழுதினார். அந்த மனுஷன்தான் 1825இல் நாடாளுமன்றத்தில் எழுந்து, ஹங்கேரிய மொழியை வளர்க்க ஒரு கழகம் அமைவதானால் தன் நிலங்களின் ஒரு வருஷ வருமானத்தை, 60,000 ஃபோரின்ட்டை, தருவதாகச் சொன்னார். அறிவியல் கழகம் அப்படித் தொடங்கியது. பேசத் தடுமாறியவரின் வெட்கமும் அந்தப் பணத்தில் இருந்தது என்றே நினைக்கிறேன். பண்ணையடிமைகளின் கூலியில்லா உழைப்பும் இருந்தது. அதைத் தாக்கி அவரே 1830இல் 'ஹிதெல்' என்ற நூலில் எழுதினார். அது ஒழிய 1848 ஆயிற்று.

இஷ்த்வானின் மகன் பேலா. மனைவி ஹன்னா இளம் வயதிலேயே இறந்துபோக, 1877இல் ஆசியப் பயணம் கிளம்பினார். கூடப் போனவர்களில் காபோர் பாலின்ட் என்ற மொழியறிஞரும் ஒருவர். அவர் உடம்பு முடியாமல் ஷாங்காயில் குழுவைப் பிரிந்தார். திரும்பும் வழியில் இந்தியாவில் தங்கித் தமிழ் படித்தார். 1888இல், ஹங்கேரிய மொழிக்குக் கூடப்பிறந்தது உண்டா என்று தலைப்பிலேயே கேட்டு, தமிழைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார்.

கையில் கிடைத்தால் நம்மாட்கள் இதை ஃபார்வர்டு செய்தே ஓயமாட்டார்கள். ஆனால் அந்த உறவை இன்றைய மொழியியல் ஏற்பதில்லை. ஹங்கேரிய மொழி யூரலியக் குடும்பம், தமிழ் திராவிடம். ஆனாலும் பாலின்ட் ஏன் மயங்கினார் என்று புரிகிறது. 'வீடுகளில்' என்பதை அங்கே 'ஹாசக்பன்' என்பார்கள். ஹாஸ் வீடு, அக் கள், பன் இல். அதே வரிசை. ஒட்டுநிலை மொழிகள் பலவும் இப்படித்தான் அடுக்கும். அதனால் சொந்தக்காரர்கள் ஆகிவிடாது. எனக்கு இதில் வருத்தமில்லை. சொந்தம் தேடி வந்தவர் தமிழைப் படித்துவிட்டல்லவா போனார்!

இரண்டாம் உலகப் போரில் மாளிகை பாழானது. 1973இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். அதன் முன்னாலிருந்து நேராக 2 கிலோமீட்டருக்கு மேல் லிண்டன் மரங்கள், 1754இல் குடும்பத்து முன்னோர் நட்டவை. இஷ்த்வானின் கல்லறை ஊர் இடுகாட்டில். சாலையின் மறுமுனையில் ஹன்னாவும் பேலாவும்.