சாரல் என்னும் பெயர்

ஆனி பிறந்ததும் புளியங்குடிக் கடைத்தெருவில் எலுமிச்சை விலைக்கு அடுத்தபடி விசாரிக்கப்படுவது, 'குத்தாலத்துல சாரல் அடிக்கா?' என்பதுதான். இங்கே சாரல் மழை. சங்கச் சான்றோர் வாயிலோ அது மலை. குறிஞ்சித் தலைவனை அவர்கள் 'சாரல் நாடன்' என்றபோது, மலைச்சரிவை உடைய நாட்டுக்கு உரியவன் என்றே கேட்டோர் பொருள்கொண்டனர்.

வேர் 'சார்'. ஏணியைச் சுவரில் சார்த்துகிறோம், ஒருவரைச் சார்ந்து வாழ்கிறோம். சார்பும் சார்வும் ஒன்றையொன்று நெருங்கிச் சாய்தலையே சொல்கின்றன. (உட்பொருளைக் குறிக்கும் 'சாரம்' வடசொல், அதை இக்குடும்பத்தில் சேர்க்கலாகாது.) தூறு தூறலானதுபோல் சார் சாரலாகி, சாய்தலின் பெயர் சாய்ந்து கிடக்கும் மலைப்பக்கத்துக்கு ஆகி, பின்னர் அப்பக்கத்தைத் தழுவி இறங்கும் மழைக்கும் இடவாகுபெயராய் வந்தது என்பது என் துணிபு. ஒலியையும் சுவைத்துப் பாருங்கள்: தூறலில் வல்லின றகரம் துளி துளியாகத் தட்டுகிறது, சாரலின் ரகர லகரங்களோ நாவில் தடைபடாமல் வழுக்கிப் போகின்றன. தூறல் மேலிருந்து விழும், சாரல் பக்கவாட்டில் வந்து முகத்தில் படும். அதனாலன்றோ மலையே காணாத தெருவிலும் சன்னல்வழி நனைப்பதைச் சாரல் என்கிறோம்!

தென்மேற்குப் பருவக்காற்று தன் நீரில் பெரும்பங்கைக் கேரளத்தில் இறக்கிவிட்டு, ஆரியங்காவுக் கணவாய்வழி நுழைந்து, மீந்த ஈரத்தைக் குற்றாலத்தின்மேல் தூவுகிறது. வடக்கே தள்ளியிருக்கும் புளியங்குடிக்கு அக்கொடை அவ்வளவாக எட்டுவதில்லை. மழைமறைவில் கிடக்கும் இவ்வூர்க்குக் காற்றே மிகுதி. குளம் நிரப்புவது ஐப்பசி, கார்த்திகை அடைமழை. அதைக் கொணரும் கீழ்க்காற்றுக்குக் கொண்டல் என்று பெயர். நீர் கொண்ட முகிலுக்கும் அதுவே பெயர்.

கொண்டல் அளவு மீறிய ஆண்டு 2023. பசிபிக்கில் எல் நினோவும், இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பாதி கூடுதலாகச் சூடேறிய நிலையும் அவ்வாண்டு ஒருசேர அமைந்தன. இரண்டுமே வடகிழக்குப் பருவமழைக்கு வலுச் சேர்ப்பவை. மார்கழி பிறந்த டிசம்பர் 17 அன்று, குமரிக்கடல்மேல் நின்ற மேலடுக்குச் சுழற்சி தென்மாவட்டங்களின்மேல் கொட்டத் தொடங்கி, மறுநாள் காலைக்குள் காயல்பட்டினத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. பெய்தது, தாமிரபரணி கரைபுரண்டது, திருவைகுண்டத்தில் தொடர்வண்டி வெள்ளத்தால் நின்றுபோயிற்று.

கடற்கரையில் அப்படிப் பெய்யும் கொண்டல் மேற்கே வந்ததும் மலை குறுக்கிடுகிறது. வேறு போக்கின்றி அது மலைமேல் சார்ந்து ஏறுகிறது, ஏறக் குளிர்கிறது, குளிர்ந்து கொட்டுகிறது. ஆடியில் மேற்கிலிருந்து வழிந்து இறங்குவதும், கார்த்திகையில் கிழக்கிலிருந்து முட்டி ஏறுவதும் அதே சரிவில்தான். சங்கத்தார் சொன்ன சாரல் அதுவே. இரு மழையின் இயக்கமும் 'சார்' என்னும் ஓரசையில் அடங்கிவிடுகிறது.

வானிலை அறிக்கை எழுதுவோர்க்கு ஒரு வேண்டுகோள்: 'மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய மாவட்டங்கள்' என்று நீட்டி எழுதுகிறீர்கள், 'மலைச்சாரல் மாவட்டங்கள்' என்றே எழுதுங்கள். புளியங்குடியில் எவருக்கும் விளங்கும்.