கதைசொல்லியின் மௌனம்: குணாட்டியர் தொன்மமும் சல்மான் ருஷ்டியின் சிறுவர் கதையும்

முன்னுரை

கதைசொல்லியின் நா அடங்குவதும் கதை அழிவதும் இக்காலத்துச் செய்திகள் மட்டுமல்ல. இந்தியக் கதை மரபின் தோற்றத் தொன்மத்திலேயே அவை இடம்பெற்றுள்ளன. சல்மான் ருஷ்டி எழுதிய சிறுவர் கதை ஒன்றை அத்தொன்மத்தோடு ஒப்பிட்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆசிரியர் வாழ்வு

1947இல் பம்பாயில் பிறந்த ருஷ்டி, ‘மிட்நைட்ஸ் சில்ட்ரன்’ புதினத்திற்காக 1981இல் புக்கர் பரிசு பெற்றார். 1988இல் வெளிவந்த ‘சாத்தானிக் வெர்சஸ்’ இசுலாமியரின் சமய உணர்வைப் புண்படுத்துவதாகக் கண்டனம் எழுந்தது. அவ்வாண்டு அக்டோபரில் இந்திய அரசு அந்நூலின் இறக்குமதியைத் தடை செய்தது. 1989 பிப்ரவரி 14 அன்று ஈரானின் கொமேனி அவருக்கு மரண ஆணை விதித்தார். அதன்பின் பல்லாண்டுகள் அவர் காவலர் பாதுகாப்பில் மறைந்து வாழ்ந்தார். 2022 ஆகஸ்டில் நியூயார்க் மாநிலத்தில் மேடையிலேயே கத்தியால் குத்தப்பட்டு வலக்கண் பார்வையை இழந்தார்.

கதையில் மௌனம்

மறைந்து வாழ்ந்த காலத்தில் தம் மகனுக்காக அவர் எழுதி 1990இல் வெளியிட்டதே ‘ஹாரூனும் கதைக்கடலும்’ எனப் பொருள்படும் நூலாகும். மனைவி பிரிந்து சென்றபின் கதைசொல்லி ரஷீதின் வாய் அடைத்துப்போகிறது. உண்மையல்லாத கதைகளால் என்ன பயன் என்று மகன் ஹாரூன் கேட்ட வினாவும் அதற்குக் காரணமாகிறது. கதைக்கடலை நஞ்சாக்கும் கத்தம்-ஷுத் என்னும் பகைவன் பின்னரே தோன்றுகிறான். பேச்சைக் குறிக்கும் ‘குப்’ நாட்டிற்கும் வாய்மூடலைக் குறிக்கும் ‘சுப்’ நாட்டிற்கும் இடையே போர் மூள்கிறது. எனினும் மௌனம் முழுவதையும் ஆசிரியர் பழிக்கவில்லை. கையசைவால் பேசும் முத்ரா என்னும் வீரனைச் சுப் நாட்டிலேயே படைத்துக் காட்டுகிறார். எனவே அவர் எதிர்ப்பது மௌனத்தையன்று, திணிக்கப்பட்ட மௌனத்தையே எனலாம். இறுதியில் கடலையும் தந்தையின் குரலையும் மீட்பவன் ஹாரூனே.

குணாட்டியர் தொன்மம்

நூற்பெயரிலுள்ள ‘கதைக்கடல்’, 11ஆம் நூற்றாண்டில் காசுமீரத்துச் சோமதேவர் இயற்றிய ‘கதாசரித்சாகரத்தை’ நினைவூட்டுகிறது. பிருகத்கதை தோன்றிய வரலாற்றை அந்நூல் கூறுகிறது. சொற்போட்டியில் தோற்றுப் பேச்சைத் துறந்த குணாட்டியர், பைசாச மொழியில் ஏழு இலட்சம் செய்யுள்களை இயற்றினார். சாதவாகன மன்னன் அவற்றை ஏற்கவில்லை. அவர் காட்டில் விலங்குகளுக்குப் படித்துக்காட்டியவாறே ஏடுகளை எரித்தார். விலங்குகள் மேய்ச்சலை மறந்து கண்ணீருடன் கேட்டன. மன்னன் விரைந்து வந்தபோது எஞ்சியது ஓர் இலட்சமே.

இரு கதைகளிலும் கதையின் உயிர் கேட்போரிடமே உள்ளது. மன்னன் புறக்கணித்ததை விலங்குகள் கேட்டன. தந்தையின் குரலைத் தளர்த்திய மகனே அதை மீட்டான். தமிழிலும் இதற்குச் சான்று உண்டு. பிருகத்கதையின் மூலம் இன்று கிடைக்கவில்லை. அதன் வழிவந்த கொங்குவேளிரின் பெருங்கதையோ முதலும் முடிவும் சிதைந்த நிலையிலும் உ.வே.சாமிநாதையரால் 1924இல் அச்சேறியது.

முடிவுரை

தடை ஆசிரியரை மட்டும் தண்டிப்பதில்லை. கேட்போரையும் அவரிடமிருந்து பிரிக்கிறது. எரிந்த ஆறு இலட்சம் செய்யுள்களை எவராலும் மீட்க இயலவில்லை. எஞ்சியதைக் காத்தவர்கள் அதைக் கேட்டவர்களும் படித்தவர்களுமே ஆவர்.