டால்ஸ்டாய் பண்ணையில் ஒரு விருந்தினர்

விருந்தோம்பல் இல்வாழ்வார்க்குரிய அறங்களுள் தலையாயதென்பதை நம்மவர் யாவரும் அறிவர். வள்ளுவனார் அதற்கென ஓர் அதிகாரமே வகுத்தனர். ஆயினும், யாவரும் ஒரு நிலையினராய் வாழ உறுதி பூண்ட ஓரிடத்திற்குப் பெரியாரொருவர் விருந்தினராய் வந்தால், அவரைப் பேணுமாறு யாது? இவ்வினாவிற்கு விடை தரும் வரலாறொன்றை ஈண்டு எழுதப் புகுந்தோம்.

தென்னாப்பிரிக்காவில், ஜோகன்னஸ்பர்க் நகரினின்று 21 மைல் தொலைவில், லாலி என்னும் புகைவண்டி நிலையத்தை அடுத்து 1,100 ஏக்கர் நிலமொன்று இருந்தது. கனிமரங்கள் அங்கே ஆயிரத்தின் அளவினவாய் நின்றன. ஹெர்மன் காலன்பாக் என்னும் கட்டடக்கலை வல்லுநர் 1910-ஆம் ஆண்டில் அதனை வாங்கி, சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் வாடகையின்றி வாழுமாறு காந்தியடிகளிடம் ஒப்புவித்தனர். ருஷ்ய அறிஞரின் பெயரால் அது டால்ஸ்டாய் பண்ணை எனப்பட்டது. அப்போரிற் சிறை சென்றாருள் தமிழர் மிகப் பலர். அவர்தம் மக்களும் அங்கு வாழ்ந்தனர். அந்நாட்டிலேயே பிறந்த அச்சிறார்க்குத் தமிழெழுத்துத் தெரியாமையின், காந்தியடிகள் தாம் அறிந்த சிறிதளவு தமிழைக் கொண்டே எழுத்தறிவித்தனர். தமிழ் கற்பித்து வாழும் நமக்கு இச்செய்தி உள்ளத்தை உருக்குவதாம்.

இந்து, முஸ்லிம், பார்சி, கிறிஸ்தவர் யாவர்க்கும் அங்கே சமையலறை ஒன்றே, படுக்கையும் தரையே. கட்டிலென்பது ஒன்றேனும் இல்லை.

1912-ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்கா சென்ற கோபால கிருஷ்ண கோகலே அவர்கள் இப்பண்ணைக்கு எழுந்தருளினர். அவரோ நீரிழிவு நோயால் மெலிந்தவர். காந்தியடிகள் ஆர்வ மிகுதியால் அவரை நிலையத்தினின்று நடத்தியே அழைத்து வர ஏற்பாடு செய்தனர். வழியில் மழை பொழிந்தது. விருந்தினர்க்குக் குளிர் கண்டது. இருப்பனவற்றுள் நல்லதாகிய காலன்பாக்கின் அறையை அவர்க்கு ஒதுக்கினர். சமையலறை அதற்குச் சேய்மையிலிருந்தமையால், அவர்க்கெனத் தனியே ஆக்கிய உணவும் கொண்டு சேர்க்குமுன் ஆறிப்போயிற்று. கோகலே ஒன்றும் கூறிற்றிலர். எனினும் அவர்தம் முகமே காந்தியடிகளுக்குத் தம் பிழையை உணர்த்திற்று.

விருந்தினர்க்காகக் கட்டிலொன்று இரவல் வாங்கி வைக்கப்பட்டிருந்தது. ஏனையோர் தரையிற் படுப்பதை அறிந்த கோகலே, அதனை விலக்கித் தம் படுக்கையையும் தரையிலேயே விரிக்கச் செய்தனர். காலைப் பிடித்துவிட இருவர் வேண்டியும் இசைந்திலர். துன்புறுதற்கென்றே தாங்கள் பிறந்ததாகவும், தம் போல்வார் பேணப்படுதற்கே பிறந்ததாகவும் எண்ணுகின்றனரோவென, நகையும் சினமும் கலந்து கடிந்தனர்.

இவ்வரலாற்றால் நாம் அறியத்தக்கன இரண்டு. தாம் மேற்கொண்ட நோன்பைப் பிணியுற்ற விருந்தினர் மீதும் சுமத்துதல் அன்பாகாது. இதனைக் காந்தியடிகளே பின்னர்த் தம் நூலில் மறைக்காது எழுதினர். தமக்கு மட்டும் தனிச்சிறப்பு ஏற்றல் பெரியார்க்கு அழகன்று. இதனைக் கோகலே நடந்து காட்டினர்.

நம் இல்லத் திருமணங்களிலும் சங்கக் கூட்டங்களிலும் செல்வர்க்கு ஒரு பந்தியும் எளியார்க்கு ஒரு பந்தியும் இடும் வழக்கம் உண்டன்றோ? முதியார்க்கும் பிணியாளர்க்கும் வேண்டுவன தனியே செய்வது கடமை. செல்வத்தை நோக்கித் தனியிடம் அளிப்பதோ இழிவு. இவ்வேறுபாட்டை நம் இளைஞர் உணர்வாராயின், அத்தரைப் படுக்கை நமக்கும் பயன் தந்ததாகும்.