யாரு செவுரு?

சுவர் என்றதும் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது படம் அல்ல, தடுப்பு. கும்மிடிப்பூண்டி வட்டம் தோக்கமூரில் சேரிமக்களை மறித்துச் சாதி இந்துக்கள் எழுப்பிய சுவர் 2022 அக்டோபரில்தான் இடிக்கப்பட்டது. உத்தப்புரத்துச் சுவரில் வழி திறந்தது 2008 மே 6 அன்று. மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பர் 2 விடியலில், அடைமழையில் சுவர் சாய்ந்து 17 பேர் செத்தார்கள். எல்லாம் நம்ம சனங்க. எனவே சுவரோவியத்தைப் பற்றிப் பேசுமுன் 'யாரு செவுரு இது?' என்று கேட்டாக வேண்டியிருக்கிறது.

ஊர்ச் சுவர்களைக் கட்சிக்காரர்கள் சுண்ணாம்படித்து, வருசம் போட்டு, முன்பதிவு செய்துகொள்வார்கள். நமக்கு மிஞ்சியது சேரி முகப்பும் குழாயடியும்தான். 1990-91 நூற்றாண்டு விழாவை ஒட்டி அண்ணல் அம்பேத்கர் அந்தச் சுவர்களில் பரவலாக வந்து நின்றார். நீலக் கோட்டு, மூக்குக்கண்ணாடி, கையில் சட்டப் புத்தகம். வரைஞ்சது போர்டு எழுதுற நம்ம பையன். மூக்கு கொஞ்சம் கோணலா இருக்கும். இருந்தா என்ன? எந்தக் கலைக்கூடமும் கூப்பிடாத கை அது. பிறகு பிளெக்ஸ் வந்தது, அந்தக் கையின் பிழைப்பும் போனது.

திருவள்ளூர் மாவட்டம், ஆவடியை அடுத்த கரலப்பாக்கத்தில் பிறந்து ஓவியக் கல்லூரியில் படித்த பா. இரஞ்சித், 2014இல் 'மெட்ராஸ்' எடுத்தார். ஒரு சுவர், அதில் ஒரு தலைவர் படம், அதற்காக விழும் பிணங்கள். சுவர் என்பது அதிகாரம் என்று தமிழ்த் திரையில் அழுத்திச் சொன்ன படம் அது.

சென்னையின் கூவக்கரை, கால்வாய்க்கரைகளிலிருந்து பிய்த்தெறியப்பட்டவர்களை 2000 முதல் கொண்டுபோய்க் குவித்த இடம் கண்ணகி நகர். 2020இல் அதன் அடுக்குமாடிகளில் பெரிய பெரிய ஓவியங்கள் எழுந்தன. ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளையும் ஏசியன் பெயின்ட்ஸும் சேர்ந்து செய்த வேலை. ஒரு சுவர் முழுக்க அந்த நகரின் பிள்ளைகளே சிரிக்கிறார்கள். விலாசம் சொன்னாலே வேலை கிடைக்காத பேட்டையில், நம்ம பொண்ணுங்க முகம் அவ்வளவு உயரத்தில்! பார்க்கையில் நெஞ்சு நிமிரத்தான் செய்கிறது, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வெளியே வர்ணம் பூசியதால் உள்ளே வீடு அகலமாகிவிடாது. பறிபோன பழைய பேட்டையும் திரும்பாது. படத்தை ரசிப்போம், கணக்கையும் கேட்போம்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஆலை மதில்கள் நீண்டு கிடக்கின்றன. உள்ளே ஒப்பந்தக் கூலிகளாய் உருகுகிறவர்களின் முகத்தை வெளியே எழுதப்போவது யார்? தூரிகை நம்மகிட்ட இருக்கு. செவுருதான் வேணும்.